இரண்டு தடவை பிடித்துத் தைத்த ஜாக்கெட்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பச்சை ஜாக்கெட் மறக்கவில்லை. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நின்று விற்கிற என் மகளின் சீருடை அது. தொளதொளவென்று ஆகிவிட்டது என்று கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பதுதான் என் பிழைப்பு. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நாலு மாசத்துக்குள் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. "கடையில கேக்குறாங்கம்மா, இன்னாக்கா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிக்கினே போறேன்னு" என்று சிரித்தாள். நானும் பெருமையாகத்தான் மிஷினை மிதித்தேன்.

அப்போதே அவளுக்கு இடுப்பு வலி இருந்தது. நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வலிக்காமல் இருக்குமா என்று எல்லோரும் சொன்னோம். தைலம் தேய்த்துப் பார்த்தேன். திருவல்லிக்கேணியில் சுளுக்கு எடுக்கிற ஒருவர் முட்டியை முதுகில் வைத்து ஒரே அமுக்கில் சரிசெய்துவிடுவார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியும் வைத்தேன். அதற்குள் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, மெஷினில் கரண்ட் வைத்தால் வலி போய்விடும் என்று சொன்னதால், கோயில் குளத்துக்குப் பின்சந்தில் இருந்த பிசியோ அம்மாவிடம் வெள்ளிக்கிழமையே போனோம்.

அந்த அம்மா கரண்ட் மெஷின் பக்கமே போகவில்லை. கீழே கிடந்த பேனாவை எடுக்கச் சொன்னார். என் மகள் குனியாமல், முதுகைக் கம்பு மாதிரி வைத்துக்கொண்டு, உட்கார்ந்து எடுத்தாள். பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, அவள் போட்டிருந்த அந்தப் பச்சை ஜாக்கெட்டை விலக்கி, முதுகெலும்பை ஒவ்வொன்றாக விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மகள் துள்ளிவிட்டாள். அம்மாவின் பார்வை ஜாக்கெட்டின் உள்பக்கத்தில், வரிவரியாக இருந்த என் தையலில் நின்றது.

"இதைப் பிடிச்சது யாரு?"

"நான்தாம்மா."

"மொத்தம் எவ்ளோ?"

கூச்சத்தோடு சொன்னேன்: "சுத்தளவுல ரெண்டரை இஞ்ச். நாலு மாசத்துல ரெண்டு தடவை."

"பதினஞ்சு வருஷமா நிக்கிற வேலை மேடம், இளைக்காம இன்னா பண்ணும்?" என்றாள் மகள்.

"பதினஞ்சு வருஷமா நிக்கிறே. இப்ப மட்டும் எப்படிம்மா இளைக்குது? சாயங்காலத்துல ஜுரம் அடிக்குதா?"

"கடையில ஏசி. வெளிய வந்தா சுடத்தான் செய்யும்."

அம்மா சிரித்தார், ஆனால் விடவில்லை. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதுவரை யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது என்றார். வாசலுக்கு வந்ததும் மகள் என்னிடம் பொரிந்தாள்: "வலிக்கு வந்தா லெட்டர் குடுத்து அனுப்புறாங்க. நாயித்துக்கெழம அந்தாளுகிட்டயே போயிருக்கலாம்."

முதுகெலும்பில் டி.பி. அவள் இளைத்ததும் சாயங்கால ஜுரமும் அதனால்தான். ஒரு எலும்பு அரித்துப்போயிருந்தது. அதன்மேல் யாராவது முட்டியை வைத்து அமுக்கியிருந்தால் இரண்டு காலும் விளங்காமல் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை, மாசக்கணக்கில் முதுகுக்குப் பெல்ட். அதெல்லாம் முடிந்தபிறகு அதே பிசியோ அம்மாதான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்து மறுபடியும் கடைக்கு அனுப்பினார். இன்றைக்கும் அவள் நின்றுதான் விற்கிறாள்.

பெற்றவளுக்குக் கண் தெரியவில்லையா என்று அந்த அம்மா கேட்பார் என்று நான் ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் டாக்டர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாயார் தையல்காரர், அளவு அவர் சொன்னது, நம்பலாம்னு எழுதியிருக்காங்க. நீங்களாம்மா?" என்று கேட்டார். நோவு என்று தெரியாமல் பெருமையாகப் பிடித்துத் தைத்த என் அசட்டுத்தனத்தை அந்த அம்மா சாட்சியாக ஆக்கி வைத்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது யோசித்தால் ரெண்டரை இஞ்ச்தானா, மூன்றா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கடிதத்தின் நகல் மகளின் ஃபைலில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, நான் எழுதின கணக்கு தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். அந்த அம்மா எழுதியிருப்பதுதான் சரியாக இருக்கும்.