ருசி பாராமல் காய்ச்சிய கூழ்

எனக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டேன், பாத்திரம் விளக்குவேன். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நான் சமைக்கும் ஆறு அறை விடுதியில் சட்டி பானையெல்லாம் முகம் பார்க்கக்கூடிய அளவுக்கு மினுங்குவதற்கு அதுதான் காரணம். விடுதிக்காரர் அதை என்னுடைய சுத்தம் என்று வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். நானும் திருத்தப் போவதில்லை.

அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் லண்டனில் இருந்துவிட்டு வந்து, மனைவியின் சீதன வீட்டைத் திருத்தி விடுதியாக்கியவர். நல்ல மனுசன். ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன வருடக் கடைசியில் அவருக்கு ‘ஃபைன் டைனிங்’ என்ற பித்து பிடித்தது. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரேயொரு இடியப்பத்தை வைத்து, சொதியைச் சுற்றிவரச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். விட்டேன். அன்றைக்கு வந்திருந்த உடுப்பிட்டிப் பக்கத்துக் குடும்பம் அதைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல் கால் மணித்தியாலம் மிச்சத்துக்காகக் காத்திருந்தது. நானும் அந்த ஊரில் பிறந்தவள் என்பதால் அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் குசினிக்குள்ளேயே நின்றேன்.

அதற்குப் பிறகுதான் கொழும்பில் இருந்து அந்தச் சேதி வந்தது. வெளிநாட்டுக்காரரை ஊர் ஊராகக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்தில் இருந்து எட்டுப் பேர் வருகிறார்கள், ஒரு மத்தியான விருந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்துக்கொண்டால் மாதாமாதம் ஆட்களை அனுப்புவார்கள். அண்ணை குசினி வாசலில் நின்று சொன்னார்.

“இது சரிவராட்டில் நான் கொழும்பில இருந்து ஒரு செஃப்பைக் கூப்பிடுறதுதான், தங்கச்சி. நீங்கள் காலமைச் சாப்பாட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. இந்த அடுப்பை முதன்முதலில் பற்றவைத்தவள் நான். முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு மிச்ச நேரம் வேறு ஒருவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க என்னால் முடியாது. விருந்துக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். வேறு எதைச் செய்தாலும் கொழும்பில் அதைவிட நன்றாகச் செய்ய ஒருவர் இருப்பார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை, கசப்புப் போக ஊறவைத்து வடித்து, கூழாகக் காய்ச்ச அங்கே யாரிருக்கிறார்?

நாள் வெள்ளிக்கிழமை என்று அண்ணை சொன்னபோது ஓம் என்றேன். என்னோடு சமைக்கும் அக்காவும் ஓம் என்றா. அந்த இரண்டு ஓமும்தான் எங்களை மாட்டிவைத்தது.

நான் வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. தொடுவதில்லை என்றால் வாயில் வைப்பதில்லை. கையால் வெட்டுவேன், கழுவுவேன், காய்ச்சுவேன். என் மூத்த மகள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மாளாச்சிக்கு வைத்த நேர்த்தி அது. அவள் இப்போது கம்பஸில் படிக்கிறாள். அக்கா பண்டத்தரிப்புப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பெண், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவா. ஆகவே எங்கள் குசினியில் ஒரு ஒழுங்கு இருந்தது. மற்ற நாட்களில் உப்புப் புளி பார்ப்பது நான், வெள்ளிக்கிழமைகளில் அக்கா. நாலு வருடமாக ஒரு பிசகும் வந்ததில்லை.

அன்று காலை பத்தரை மணிக்குக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கலவாய் மீன் தலை, நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் அவிந்து, ஒடியல் மாவும் செத்தல் மிளகாய்க் கூட்டும் பழப்புளியும் விட்டாயிற்று. பன்னிரண்டு ஜொக்குத் தண்ணீருக்கு ஒரு சிரட்டை உப்புக் கரைசல், அது என் அளவு. அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி அக்காவிடம் நீட்டினேன். அவ கையைப் பின்னால் கட்டிக்கொண்டா.

“நான் லெந்துக்கு மச்சம் விட்டிட்டன், பிள்ளை.”

“எப்ப விட்டனீங்கள்?”

“முந்தநாள். சாம்பல் புதனோடை. மகளுக்குக் கனடாவிலை பிள்ளை பிறக்கிற நேரமெல்லே, அதுக்காக இந்த வருசம் மச்சம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“இண்டைக்கும் நான்தான் பாக்கவேணும் எண்டு நீ சொன்னனியோ? விருந்து நாளெண்டபடியா நீ பாப்பாய் எண்டு நான் இருந்திட்டன்.”

அகப்பை இரண்டு பேருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலத்துக்குப் போன வருடம் அக்கா விட்டது தேத்தண்ணிக்குச் சீனி. அதற்கு முதல் வருடம் தொலைக்காட்சி நாடகம். இந்த வருடம் பார்த்து மச்சத்தில் கைவைத்திருந்தா.

அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் எல்லா நாளும் எல்லாம் சாப்பிடுகிறவர். வந்து, கண்ணை மூடிக்கொண்டு, தொலைக்காட்சியில் வரும் நடுவர்கள் மாதிரி நாக்கை இரண்டு தரம் தட்டிவிட்டுச் சொன்னார்.

“உப்புக் கரிக்குது, தங்கச்சி. வாயில வைக்கேலாது.”

அளவு பிழைத்துவிட்டதோ என்று ஒரு நிமிசம் சிரட்டையைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. அண்ணைக்குப் பிரஷர். டொக்டர் உப்பை நிற்பாட்டி மூன்று வருடமாகிறது. அவருக்கென்று நான்தான் தினமும் உப்பில்லாமல் கறி வைக்கிறேன். அந்த நாக்குக்கு மழைத்தண்ணீரும் கரிக்கும்.

“உங்களுக்கு அப்பிடித்தான் தெரியும், அண்ணை. அளவு சரி. விடுங்கோ” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கூழ் குடிக்கப் பலா இலை கோலப் பின்பக்கம் போனேன். இலையை மடித்து ஈர்க்குக் குத்தினால் அதுதான் கிண்ணம். வெள்ளிக் கரண்டியும் பீங்கான் கோப்பையும் வேண்டும் என்று அண்ணை ஒரு கிழமை சண்டை பிடித்து, அதில் நான் வென்றிருந்தேன். கடைசி இலையைக் கோலிக்கொண்டு திரும்பி வந்தால், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறா. பானையில் கூழ் வெளிறிப்போய், மேலே நண்டுக்கால்கள் குளத்தில் மிதப்பது போல மிதக்கின்றன.

“ரெண்டு ஜொக்கு விட்டிட்டார். மறிச்சனான், கேக்கேல்லை.”

அன்றைக்கு விளக்குவதற்குப் பாத்திரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. எல்லாம் மூன்று நாளாக விளக்கியே கிடந்தன. நேரம் பதினொன்று இருபது. பன்னிரண்டரைக்கு ஆட்கள் வருவார்கள்.

ருசி பார்க்க ஒரு நாக்கு வேண்டும். அக்கா ஒழுங்கைக்குள் இறங்கி ஓடினா. தோட்டத்து வேலைக்காரர் வெள்ளிக்கிழமை என்று கையை விரித்தார். உடுப்பு அழுத்துகிற மனிசியும் வெள்ளிக்கிழமை. அடுத்த வீட்டில் செத்த வீடு நடந்து இன்னும் முப்பத்தோராம் நாள் காரியம் கழியவில்லை, வீடு முழுக்கச் சைவம். நல்ல காலமாக, விடுதிக்கு ஐஸ் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணை யாழ்ப்பாணத்தில் இருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். நான் அகப்பையோடு வாசலுக்கே போய்விட்டேன். அவர் சிரித்தார்.

“நேற்றுத்தான் நோன்பு துவங்கினது, தங்கச்சி. பொழுதுபடட்டும், ஒரு சட்டி குடிக்கிறன்.”

மூன்று பக்கத்துக் கடவுள்மாரும் என் கூழுக்கு எதிராகக் கூடிக் கதைத்து ஒரே நாளைக் குறித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. ஐஸ் அண்ணை போகும்போது நல்லா வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஒரு சொட்டு நாக்கிலை வைச்சுப் பாத்திட்டுத் துப்பு” என்றா அக்கா. “அம்மாளாச்சிக்குத் தெரியாதே உன்ரை நிலைமை?”

“உங்கடை யேசுவுக்கும் தெரியுந்தானே. நீங்கள் வையுங்கோவன்.”

அக்கா பானையை மூடினா. அவவுக்குப் பேரப்பிள்ளை, எனக்கு மகள். பிள்ளைகளை வைத்து இரண்டு பேராலும் விளையாட முடியவில்லை. செஃப் வந்தால் வரட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு அந்த ஜொக்கு கண்ணில் பட்டது. கைபிடி நசுங்கின பழைய அலுமினிய ஜொக்கு. அண்ணை தண்ணீர் விட்டது அதால்தான். காலையில் நான் தண்ணீர் அளந்ததும் அதால்தான். பன்னிரண்டுக்கு ஒரு சிரட்டை என்றால், இரண்டுக்குச் சிரட்டையில் ஆறில் ஒரு பங்கு. இதற்கு நாக்கு எதற்கு? உப்பைக் கரைத்து, சிரட்டையில் விரலை வைத்து அளந்து விட்டேன். புளியும் மிளகாய்க் கூட்டும் அதே பங்கு. வடைக்கென்று ஊறவைத்து வடித்திருந்த ஒடியல் மாவில் இரண்டு பிடியைக் கரைத்துச் சேர்த்தேன். தடிப்பைக் கண்ணால் பார்க்கலாம். அகப்பையில் இருந்து கயிறாக இறங்காமல், துளியாகவும் விழாமல், கனத்து வழிந்தது. கொதி வந்ததும் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். உப்புக் குறைந்த கூழில் மீன் மணம் முன்னுக்கு நிற்கும். அளவாக இருந்தால் புளியும் மிளகாயும் முன்னுக்கு வந்து மூக்கில் ஏறும். எனக்குத் தும்மல் வந்தது.

“காணும். இறக்குவம், அக்கா.”

அளவில் பிழையில்லை என்று மூளைக்குத் தெரியும். ஆனால் அண்ணை சொன்னதுதான் சரியாக இருந்தால்? முதலிலேயே நான் கை பிசகி அளந்திருந்தால்? அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு நாக்கும் இல்லை.

எட்டுப் பேரும் நேரத்துக்கு வந்தார்கள். தலைமையாக வந்தவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. அதிகம் கதைக்காதவர், எதையும் ஒருதரம் மணந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். முதலில் சின்னச் செம்பில் கொடுத்த வேர்க்கொம்பு என்கிற சுக்குப் போட்ட ரசத்தைக் குடித்தார், ஒடியல் வடையைக் கடித்தார். பிறகு பானையை அப்படியே மேசைக்குக் கொண்டுபோய் வைத்தோம். அக்கா பலா இலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தா. நான் குசினி யன்னலால் பார்த்தேன்.

அவர் உறிஞ்சினார். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்தார், அடியில் கிடந்த இறாலை விரலால் எடுத்து மென்றார். பிறகு வெறும் இலையை அக்காவின் பக்கம் நீட்டினார். இரண்டாவது தரம். மூன்றாவது தரம் அகப்பையைத் தானே எடுத்துக்கொண்டார். மற்ற ஏழு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். ஒருவர் நண்டுக்கோதைப் பல்லால் உடைக்கும் சத்தம் யன்னல்வரை கேட்டது.

கடைசிப் பலகாரமாக, பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்த பாணிப் பினாட்டைக் கொண்டுபோனபோது அவர் அண்ணையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் கூழ் நிறைய இடத்தில குடிச்சிருக்கிறேன். உப்பும் புளியும் இப்படி அளவா நின்றதில்லை. இதை யார் ருசி பார்த்தது?”

“நான்தான் பாத்தனான்” என்றார் அண்ணை. “கொஞ்சம் கரிச்சது. சரிப்பண்ணி விட்டனான்.”

கோபம் வந்தால் நான் வாய் திறப்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அன்றைக்குத் திறந்தேன்.

“அண்ணை விட்டது ரெண்டு ஜொக்குத் தண்ணி, அம்மா. அதைச் சரிப்பண்ணினது நாங்கள். இந்தக் கூழை ருசி பாத்து இறக்கினவை ஒருத்தருமில்லை.”

அண்ணையின் முகம் கறுத்தது. நான் பினாட்டுத் தட்டை வைத்துவிட்டு வெள்ளியையும் லெந்தையும் முப்பத்தொன்றையும் நோன்பையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜொக்குக் கணக்கையும் சொன்னேன். அந்தப் பெண்மணி முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் திரும்பவும் தண்ணீர் வந்தது, இந்த முறை மிளகாயால் அல்ல.

“மாதத்தில ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தாங்க” என்றார் அண்ணையிடம். “இதே கூழ், இதே பலா இலை. இவங்க ரெண்டு பேரும்தான் சமைக்கணும்.”

அவர்கள் வாகனம் ஏறிப்போன பிறகு அண்ணை குசினிக்கு வந்தார். நான் விளக்குவதற்குத் தயாராக நின்றேன். அவர் அலுமினிய ஜொக்கை எடுத்து என் கையில் தந்தார்.

“இதை என்ரை கண்ணில படாமல் எங்கையாவது வையுங்கோ, தங்கச்சி.”

செஃப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. ஐஸ் அண்ணை தனக்கென்று எடுத்துவைத்த சட்டியைப் பொழுதுபட வந்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் சனிக்கிழமை விடிய, பல்லைத் தீட்டின கையோடு முதல் வேலையாக ருசி பார்க்கக் குசினிக்கு வந்து பானையைத் திறந்தேன். முதல் நாள் அடியில் ஒரு அகப்பைக் கூழ் மிஞ்சிக் கிடந்ததைக் கண்டிருந்தேன். பானை வழித்துத் துடைத்துக் கிடந்தது. முற்றத்தில் அண்ணை ஒரு பலா இலையை மடித்துப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். பிரஷர் மனுசன், உப்புக் கரிக்குது என்று சொன்ன அதே மனுசன்.

இப்போது மாதாமாதம் வெள்ளியில் கூழ் விருந்து நடக்கிறது. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் அக்கா ருசி பார்க்கத் தொடங்கிவிட்டா. கனடாவில் பேத்தி பிறந்துவிட்டாள். ஆனால் அந்த முதல் கூழ் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.