ஒரு வாய் காபி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானும் என் மனைவியும் சர்க்கரை பரிசோதனைக்காகக் குரோம்பேட்டையில் ஒரு லேபுக்குப் போவோம். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அவள் டப்பாவில் இட்லி கொண்டு வருவாள். சாப்பிட்டுவிட்டு அந்த இரண்டு மணி நேரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம். வேலைக்குக் கிளம்பும் மகனுக்குக் காபி கலந்தால், ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். பரிசோதனை நாளிலும் கை தானாகப் போய்விடும். லேபில் ரத்தம் எடுக்கும் பெண், "எதுவும் சாப்பிடலையேம்மா?" என்று கேட்கும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"ஒரே ஒரு வாய் காபிம்மா, ருசி பார்க்க."

"அப்ப நாளைக்கு வாங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜி.எஸ்.டி. ரோடு நெடுகத் திட்டிக்கொண்டே வருவேன். ஆனாலும் நான் மட்டும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததில்லை. மறுநாள் சேர்ந்தே போவோம்.

ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டாள். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு நாள் வந்தபோது மகன் சொன்னான், "வீட்டுக்கே வந்து எடுப்பாங்கப்பா, ஏன் அலையறீங்க?" எனக்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டியிருந்தது. ஹோட்டல் இட்லியை அதே டப்பாவில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

அந்தப் பெண் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

"அம்மா எங்க சார்? இன்னைக்கும் காபியா?"

எங்கள் தெருவில், சர்ச்சில், மாவுக் கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கும். இவள் ஒருத்திதான் அவளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமாம்மா, ஒரு வாய் குடிச்சுட்டா" என்றேன்.

"சரி, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க சார்."

தலையாட்டினேன். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் அதில் உட்காரலாமா என்று கேட்டபோது, ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் வேறொரு லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். குரோம்பேட்டைக்கு நான் போவதில்லை. அந்த ஒரு இடத்திலாவது அவள் நாளைக்கு வரப்போகிறவளாகவே இருக்கட்டும்.