பக்கத்து வீட்டு உறுமியும் என் சாக்ஸபோனும்

மக்களே, இன்னைக்கு எனக்கு ஜாஸ் வந்துருச்சுலா!

ஆன்லைன்ல சாக்ஸபோன் வகுப்பு. கோலாலம்பூர்ல இருக்கிற சார் வழக்கம்போல, "நோட்டைப் பார்க்காதீங்க, மனசுல தோணுறதை ஊதுங்க"ன்னாரு. எனக்கு ஒண்ணுமே தோணல.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு சேகர் அண்ணே குரூப் திருவிழாவுக்கு உறுமி மேளம் பிராக்டிஸ் ஆரம்பிச்சிட்டாங்க. வீடே அதிருது. ஜன்னலைச் சாத்த ஓடினேன்.

"சாத்தாதீங்க! அந்த அடிக்கு ஊதுங்க!"ன்னு சார் கத்துறாரு.

ஊதினேன். ஐயோ, விரல் தானா ஓடுது! உறுமி கேட்குது, நான் பதில் சொல்றேன். சார் அங்க எழுந்து ஆடுறாரு.

"இனி அவங்க அடிக்கிற நேரத்துக்கே வகுப்பை வச்சிக்கலாம். எத்தனை மணின்னு கேளுங்க."

போன வாரம்தான் அண்ணேகிட்ட, "இனிமே சத்தம் கேட்டா கம்ப்ளேன் பண்ணிருவேன்"னு சொன்னேன்.

இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேட்கிறது? சொல்லுங்கலா.