கம்பவுண்டரின் பதினோரு பெயர்கள்

அந்த மென்பொருளோடு வந்த உரிமைக் கோப்பை முதன்முதலில் திறந்தபோது, யாரோ கைதவறிக் கல்யாணப் பத்திரிகையை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மேலே மருத்துவ அலுவலர், பட்டங்களோடு. அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிறகு பேரூராட்சிப் பெரியவர் ஒருவர், ஒரு பெரியப்பா, இரண்டு மாமாக்கள், மைத்துனர் என்று வரிசையாகப் பதினோரு பேர். எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் இலை போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரரைப் போல, அடியில் கணினி நிரலை எழுதியவரின் பெயர். சேவுகம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவர் அவர். அரசாங்கத் தாளில் மருந்தாளுநர், ஊர் வாயில் கம்பவுண்டர். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில், ஒரு கட்டற்ற கணினி இயங்குதளத்துக்கு வந்து சேரும் புதிய மென்பொருள் பொதிகளைச் சோதித்து, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்கிற தன்னார்வலர்களில் ஒருத்தி. எங்கள் இயங்குதளத்தில் உள்ளதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதனாலேயே, பொதிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் யாருடைய உழைப்பு, அவர் சம்மதித்தாரா என்பது பிசிறில்லாமல் தெரிய வேண்டும். நிரல் எவ்வளவு அழகாக ஓடினாலும் உரிமைக் கோப்பு உண்மை பேசவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். கறார் பேர்வழி என்று எனக்குப் பெயர். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

கம்பவுண்டரின் மென்பொருள் நிஜமாகவே நல்ல பொருள். மாத்திரை உறையின் மேல் ஒட்டச் சீட்டு அச்சிடும். எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி, காலைக்கு உதிக்கிற சூரியன், மதியத்துக்கு உச்சிச் சூரியன், ராத்திரிக்கு நிலா, சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு. வேளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனை படம். மாத்திரையை மாற்றி விழுங்கிச் சர்க்கரை இறங்கிப்போய், மல்லிகைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்த அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தாராம். நிலையத்துக் கணினியில் எங்கள் இயங்குதளம். அதோடு கூட வருகிற மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அடுத்த வெளியீட்டுக்குப் பொதிகளை ஏற்கும் கதவு பன்னிரண்டு நாளில் மூடிவிடும். தவறவிட்டால் அவருடைய நோயாளிகள் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வழக்கமாக எல்லாம் மின்னஞ்சலில்தான் நடக்கும். ஒரே மாவட்டம் என்பதால் அவரையே போனில் கூப்பிட்டேன். இந்தப் பதினோரு பேரில் நிரல் எழுதியது யார் என்று கேட்டேன்.

“யாரும் எழுதல மேடம், நாந்தேன் எழுதுனேன். அவங்க பேரெல்லாம் ஒரு மரியாதைக்கு. எல்லாரு வீட்டுக்கும் வெத்தல பாக்கோட போயி, பேரு போட்டுக்கிறட்டான்னு கேட்டுட்டுத்தேன் போட்டேன்.”

இந்தக் கோப்பில் பெயர் இருந்தால் அவர்களும் உரிமையாளர்கள் ஆகிவிடுவார்கள், நாளைக்கு ஒருவர் மல்லுக்கு நின்றாலும் மொத்தமும் நின்றுவிடும் என்று விளக்கினேன். நன்றி சொல்லத் தனிக் கோப்பு உண்டு, அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் போடலாம் என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டார். “அதுலயாச்சும் பெரியப்பா பேரு மொதல்ல வரலாமா மேடம்? இல்லாட்டி எங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு.” வரலாம் என்றேன்.

இரண்டே நாளில் திருத்திய பொதி வந்தது. உரிமைக் கோப்பில் அவர் பெயர் மட்டும். ஆனால் நான் படங்களையும் திறந்து பார்க்கிற ஆள். அந்தச் சூரியனின் கதிர்கள் கோலத்துக் கோடுகளைப் போல நுனியில் சுருண்டு நின்றன. கை எடுக்காமல் இழுத்த கோடு. கம்பவுண்டர் வரைந்தது இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறுபடி போன் செய்தேன்.

“அது நம்ம ஆயாம்மா மேடம், இங்க கூட்டிப் பெருக்குறவங்க. சாக்பீஸக் குடுத்து வரையச் சொல்லி போட்டோ எடுத்துக்கிட்டேன்.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“அவங்ககிட்ட என்ன மேடம் கேக்குறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வரிகூட எழுதாதவர்களின் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்ட மனிதர், தினமும் முகம் பார்க்கிற ஒருத்தியிடம் கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கெட்டவர் இல்லை அவர். அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பினேன். “ஒரு படத்துக்காக இம்புட்டா? நாளைக்கு எவனாச்சும் மாத்தி முழுங்கிட்டா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?” என்று கத்தினார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் நான் செய்தது சரி என்பதில் சந்தேகம் வரவில்லை. தானே வரைந்து ஒரு சூரியனை அனுப்பினார். அதை நோயாளிகளிடம் காட்டினால் முறுக்கு என்கிறார்கள் என்று அவரே வருத்தப்பட்டார்.

நான்கு நாள் மிச்சம் இருக்கையில் அவரிடமிருந்து போன் வந்தது. ஆயாம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஏறினேன்.

ஆயாம்மா தன் வீட்டில் எனக்குக் காப்பி கொடுத்தார், கூட வந்த கம்பவுண்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. “பேப்பர நீட்டி இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கிறாரு தாயி. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த இல்ல. பெரியப்பாவுக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சாராம்ல?”

கம்பவுண்டர் எழுந்து வெளியே போனார். இனி இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. கால் மணி நேரம் கழித்து ஒரு தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே சம்மதக் கடிதம். நின்றபடியே கடிதத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்ற இடத்தில் ஆயாம்மா கையை உயர்த்தினார்.

“மாத்தலாம்னா? என் சூரியன் மூஞ்சிய மாத்துவாங்களா?”

“மாத்தலாம். ஆனா மாத்துனவங்க, நாங்கதான் மாத்துனோம்னு எழுதணும். உங்க பேரு கூடவே இருக்கும்” என்றேன்.

“அப்பச் சரி. அசிங்கமா மாத்துனா அவங்க பேருதான கெடும்” என்று சொல்லி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். கதவு மூடுவதற்கு முந்தின நாள் பொதி உள்ளே போனது.

கம்பவுண்டர் இப்போது மாற்றலாகிக் கீரனூர்ப் பக்கம் இருக்கிறார். அங்கிருந்து இன்னொரு பொதி அனுப்பினார். மூன்று பெயர்கள், நான் கேட்பதற்கு முன்பே மூன்று சம்மதக் கடிதங்கள். பெருமையாக இருந்தது, கொஞ்சம் என்மேலும்தான்.

போன மாதம் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கச் சேவுகம்பட்டிப் பக்கம் போனவள், அந்தச் சுகாதார நிலையத்திலும் எட்டிப் பார்த்தேன். மருந்துச் சன்னலில் புது ஆள். பெரியவர் ஒருவர் சீட்டு ஒட்டிய மாத்திரை உறையை வாங்கி, பார்க்காமலே மடித்து இடுப்பில் செருகப் போனார். கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்முன் போய் நின்றார்.

“ஏய்யா, பாக்காம மடிக்கிறீங்க? அது நான் போட்ட சூரியன். வெளிய எடுத்து, காலையில எத்தனன்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்க.”

பெரியவர் உறையைப் பிரித்து, விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.