லிண்ட்குவிஸ்ட் டீச்சர் சொன்னது

யாருக்காவது மொழிபெயர்க்க நின்றால், தன்னைப் பற்றிய பேச்சிலும் நெரெய்தா ‘நான்’ என்று சொல்லமாட்டாள். சிறுவயதில் காய்ச்சலோடு டாக்டரிடம் போனபோதே, அம்மா ஓரலியா ஸ்பானிஷில் சொன்னதை ஆங்கிலத்துக்கு மாற்றி, “இந்தப் பொண்ணு நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல” என்றாளாம். அந்தப் பொண்ணு அவளேதான். பிறகு வங்கியில், வீட்டுக்காரரிடம், தன் பள்ளிக்கூடத்திலேயே, எங்கே போனாலும் அதே வழக்கம். யாக்கிமா பள்ளத்தாக்கில், ஆங்கிலம் தெரியாமல் ஆப்பிள் பறித்துப் பிழைக்க வந்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெரியவர்களுக்கு வாயாக இருப்பது புதிதில்லை. தன்னையே பக்கத்து வீட்டுப் பிள்ளைபோலச் சொல்கிறவள் இவள் ஒருத்திதான் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் கால்குலஸ் எடுத்தாள். ஊர்ப் பள்ளியில் நடந்தாலும் அது கல்லூரித் தரத்து வகுப்பு. அப்பா ஆன்செல்மோவுக்கு அது என்ன கணக்கென்று தெரியாது. தெரியாததாலேயே பெருமை கூடிப்போயிற்று. ஏணிமேல் நின்றபடி அடுத்த மரத்துக்காரரிடம், என் மகள் போடுகிற கணக்கில் எண்ணே கிடையாதாம், முழுக்க எழுத்துதானாம் என்பார்.

அந்த எழுத்துகள் மகளுக்குப் பிடிபடவில்லை. முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அடுத்ததில் அதைவிடக் குறைவு. அதுவரை எந்தப் பாடத்திலும் அவள் பின்தங்கியதில்லை. வீட்டில் எல்லோரும் அவளிடம் கேட்டுத்தான் பழக்கம், அவள் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி சித்லாலி சும்மா இருக்கமாட்டாள்.

“ஏன்டி, கையத் தூக்கினா சுளுக்கிக்குமா? புரியலன்னு கேக்க வேண்டியதுதானே?”

“எது புரியலன்னே புரியலடி. எதைக் கேக்கறது?”

பள்ளி ஆலோசகர் வழி சொன்னார். அக்டோபர் முடிவதற்குள் வகுப்பை விட்டுவிட்டால் சான்றிதழில் சுவடே இருக்காது. தாண்டினால் மோசமான மதிப்பெண் ஒன்று வந்து மொத்தச் சராசரியையும் கீழே இழுக்கும், அவள் நம்பியிருந்த உதவித்தொகையும் போகும். விடுவதற்கு முன் பெற்றோர் ஒருவர் ஆசிரியரைச் சந்தித்துப் பேசிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ அவளைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமைகளில் பழக்கிடங்கில் நின்று, உருண்டுவரும் ஆப்பிள்களில் அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளும்போதெல்லாம் அதே யோசனை. விட்டால் கல்லூரிக்கு வழி கிடைக்கும். ஆனால் ‘என்னால் முடியலப்பா’ என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தோள்பட்டை வீங்கி, இடது கையால் டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அந்த எழுத்துக் கணக்கு எப்படிப் போகுது கண்ணு என்று கேட்கிற மனிதரிடம்?

பெற்றோர் சந்திப்பு மாலையில், உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஆன்செல்மோ தோட்டத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. பள்ளியின் மொழிபெயர்ப்பாளர் எதிர்மூலையில் இருந்தார், அவர் முன்னால் நீண்ட வரிசை. கூப்பிடட்டுமா என்று கால்குலஸ் நடத்தும் லிண்ட்குவிஸ்ட் டீச்சர் கேட்டார். வேண்டாம், தானே சொல்வதாகச் சொன்னாள் நெரெய்தா.

டீச்சர் சுற்றிவளைக்கவில்லை.

“உங்க பொண்ணு கஷ்டப்படறா, அது நிஜம். ஆனா விட வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தினம் என்கிட்ட வரட்டும், உக்காந்து சொல்லித் தரேன். அவளால முடியும்.”

ஆன்செல்மோ மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு இந்த வகுப்பு சரிப்படாதுங்கறாங்கப்பா. விட்டுடறதுதான் நல்லதாம்.”

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். பிறகு தணிந்த குரலில், “ராப்பகலா உழைச்சாலும் வராதான்னு கேளு” என்றார்.

அவள் டீச்சரிடம் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். டீச்சரின் முகம் சுருங்கிற்று. அப்பா அப்படித்தான் நினைக்கிறாரா என்றார். ஆமாம், விடச் சொல்கிறார் என்றாள். அப்பா பக்கம் திரும்பி, “வராதாம்ப்பா” என்றாள்.

டீச்சர் எழுந்து கை நீட்டினார். ஆன்செல்மோ கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நீட்டிய கை அப்படியே நின்றது.

 வீடு திரும்புகையில், வண்டி சிவப்பு விளக்கில் நின்றபோது ஆன்செல்மோ சொன்னார்.

“நம்ம பிள்ளைங்க பழம் பறிச்சாப் போதும்னு நெனைக்கறா அந்தப் பொம்பள. நீ மனசுல வச்சுக்காத கண்ணு.”

அப்போது சொல்லியிருக்கலாம். விளக்கு பச்சையாயிற்று, வண்டி நகர்ந்தது.

அதற்குப் பின் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அவளைக் குடைவதும் அதுதான். சராசரி தப்பித்தது, உதவித்தொகை வந்தது, அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. லிண்ட்குவிஸ்ட் டீச்சர் கேட்காமலேயே கல்லூரிக்குப் பரிந்துரை எழுதிக்கொடுத்தார். வகுப்பை விட்டது தப்பா என்று அவள் பலமுறை தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். தப்பு என்று தோன்றியதில்லை. தன்னால் முடியவில்லை என்பதை இன்னொருத்தி தலையில் ஏற்றியதுதான் உறுத்தியது. முடிந்திருக்குமோ என்பதும் தெரியாது, ஒரு நாள்கூட அந்தச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பார்க்கவில்லையே.

பட்டம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் விருந்து. குழியில் வெந்த இறைச்சி, சொந்தபந்தம் எல்லாம். ஆன்செல்மோ கோப்பையைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள் ஒரு டீச்சர் என்று ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சித்லாலி தட்டவில்லை. அந்த வகுப்பில் கடைசிவரை இருந்தவள் அவள். லிண்ட்குவிஸ்ட் டீச்சரா, அவங்க அப்படிப் பேசமாட்டாங்களேடி என்று காதோடு கேட்டாள். நெரெய்தா இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

இந்த வருடம் தங்கை அராசெலியின் முறை. அக்காவைப்போல இல்லை, கணக்கென்றால் அவளுக்கு விளையாட்டு. கால்குலஸ் எடுக்க வேண்டும் என்றதும் ஆன்செல்மோ ஒரேயடியாக மறுத்துவிட்டார். அந்தப் பொம்பள முன்னாடி என் இன்னொரு பொண்ணையும் கொண்டுபோய் உக்கார வைக்கணுமா என்றாராம். அராசெலி அக்காவுக்குப் போன் செய்தாள்.

“நீ சொன்னா அப்பா கேப்பாருக்கா. அந்த டீச்சர் நல்லவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லேன்.”

“சொல்றேன்.”

“எப்போ?”

“வீட்டுக்கு வரும்போது.”

ஆகஸ்டில் நெரெய்தா வந்தாள், நான்கு நாள் இருந்தாள். ஒரு மாலை அப்பாவோடு வாசற்படியில் தனியாகவும் உட்கார்ந்திருந்தாள். அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அராசெலி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவள் பெயர் கால்குலஸில் இல்லை, வேறு வகுப்பில் இருந்தது.