சின்னவனுக்குக் கொம்பு வைக்காத லெட்சுமி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, புக்கிட் காத்திலிலிருந்து லெட்சுமி அக்காவின் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." டுரியான் துங்காலில் உள்ள எங்கள் பட்டறையில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. அவருடன் வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய கை அவருடையது. எங்கள் ஃபைபர் பட்டறைக்கு வந்து முதலில் தண்ணீர்த் தொட்டி வார்த்தார். பிறகு பூங்காக்களுக்கு யானையும் முதலையும் செய்தார். "கண்ணை அவசரமா வைக்காத. எல்லாம் ஒரே முழி முழிக்கும்" என்பார்.

ஒருமுறை ஒரு பூங்காவுக்கு டைனோசர்கள் செய்யும் வேலை வந்தது. அவற்றில் ஒன்று நாய் அளவே இருந்த, மிகப் பழைய காலத்து இறைச்சி தின்னி. அக்கா அதைச் 'சின்னவன்' என்றே அழைத்தார். அதைப் பற்றித் தேடிப் படித்துக் காட்டும்படி மகளிடம் சொன்னார். அதன் எலும்புகளில் இதுவரை மண்ணிலிருந்து கிடைத்தவை இடுப்பெலும்பு, ஒரு கால், முதுகெலும்பில் சில துண்டுகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் உறவு விலங்குகளை வைத்துச் செய்த ஊகம்.

பூங்கா மேலாளர் வந்து பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்கு லா. தலையில ரெண்டு கொம்பு வைங்க. பிள்ளைங்க பயப்படணும்."

"தலையே கிடைக்கல சார். கொம்புக்கு நான் எங்க போறது?"

எங்கள் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஆர்டர் போயிடும் லெட்சுமி, வச்சிடு."

"வேற ஆளை வச்சுச் செய்ங்க பாஸ். என்னால முடியாது."

அவர் குரல் உயரவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். கணவர் இல்லாத வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். முதலாளி எங்களைத் திரும்பிப் பார்த்தார். கொம்பு வைக்க எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அக்காவே வழி சொன்னார். எலும்பு கிடைத்த பாகங்களுக்கு அடர் பழுப்பு, ஊகித்த பாகங்களுக்கு வெளிர் சாம்பல். பக்கத்தில் அதை விளக்கும் பலகை. மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு, சின்னவனைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்தார்.

திறப்பு நாளில் பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் மொய்த்தார்கள். "மீதி எலும்பெல்லாம் எங்க ஆன்ட்டி?" என்று ஒரு சிறுமி அக்காவிடம் கேட்டாள்.

"மண்ணுக்குள்ள இருக்கும்மா. யாராவது தோண்டணும்."

அடுத்த மாதம் மேலாளரே வந்தார், மற்ற டைனோசர்களுக்கும் அதேபோல இரண்டு நிறம் பூசித் தரச் சொல்லி.

முன்பெல்லாம் எனக்குத் தெரியாததைக் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது 'தெரியாது' என்கிறேன். சொல்லும்போது தலை குனிவதில்லை. லெட்சுமி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.