கனமான பை

உறையூரில் குடியிருந்தபோது அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் வைத்திருந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து, "ஆண்டவரே, இது உமக்கு" என்று சொல்லி அதில் போடவேண்டும். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. வாரம் முழுதும் சேர்ந்ததைத் துணிப்பையில் கட்டிவைப்போம். சனிக்கிழமை காலையில் உபதேசியாரின் மனைவி வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். கஷ்டப்படும் வீடுகளுக்கு அது போகும்.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கைப்பிடி அரிசியாவது ஆண்டவருக்கும் எனக்கும் மட்டுமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதையும் நானே கெடுத்தேன்.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்று ரேஷன் வந்தபோது என் கை சுருங்கிவிட்டது. அரிசிக்குள் விடும்போதே விரல்கள் மூடிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பை இளைத்துத் தெரியுமே என்று பயந்து, பானையிலிருந்து மொத்தமாக அள்ளிக் கொட்டுவேன். மறுநாள் அந்த அம்மா பையைத் தூக்கிப் பார்த்து, "தெருவிலேயே உங்க பைதாம்மா கனம்" என்பார். எனக்கு மனசு குளிர்ந்துபோகும். ஆறு நாள் ஆண்டவருக்குக் குறைத்ததை ஏழாம் நாள் உபதேசியார் மனைவிக்கு நிறைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவநாட்களான லெந்து காலம் தொடங்கியதும் அந்த வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தினேன். பை பாதிகூட இல்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுல ஐயாவுக்கு வேலை இருக்குல்லம்மா?"

"இருக்குங்க."

"பின்ன?"

தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு சின்ன அரிசி மூட்டையை என் கையில் வைத்தார். "கூச்சப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதில் கொஞ்சம் வடித்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து வந்த என் கணவர் இரண்டு வாய் தின்றுவிட்டு, "என்ன சோறு இது? பாதி குழைஞ்சு கிடக்கு, பாதி அரிசியாவே இருக்கு" என்றார்.

"பல வீட்டு அரிசி" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தருமம் வாங்கித் திங்க வச்சிட்டியே! போய்ச் சொல்லிட்டு வா."

"நீங்க சொல்லுங்களேன்."

"பையைக் கொறச்சது நானா?"

வடித்ததற்கு ஈடாக எங்கள் அரிசியைச் சேர்த்து, அந்த மூட்டையை அடுத்த வாரம் என் பையிலேயே கொட்டிவைத்தேன். அந்த அம்மா தூக்கியதும், "தெருவிலேயே உங்க பைதாம்மா…" என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க," என்றேன். "இது நீங்க கொடுத்ததுதான். எங்களுக்குக் கஷ்டம் ஒண்ணுமில்லை. முன்னாடி கனமா இருந்ததெல்லாம் நீங்க அப்படிச் சொல்லணும்னு கொட்டினது."

அவர் சிரித்தார். "அதை எல்லா வீட்டிலயும்தாம்மா சொல்றேன். சொன்னாத்தானே போடுவாங்க?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே வார்த்தை என் காதில் விழுந்தது.

உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஏமாந்த ஆத்திரத்தில் பானைக்குள் கையை விட்டேன். அன்றைக்கு எடுத்த கைப்பிடி பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் "இது உமக்கு" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் கலயத்தில் போட்டுவிட்டு அரிசியைக் களைய உட்கார்ந்தேன்.